லூனிக் ராக்கெட்டும் ஒரு மெமரி கார்டும்

சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் விலைப்பட்டியலில் ராக்கெட் பகுதியைப் பார்த்தால், பேபி ராக்கெட், விசில் ராக்கெட் என்று போகும் வரிசையில் லூனிக் ராக்கெட் என்றொன்று தென்படும். பெட்டிக்கு எத்தனை, தள்ளுபடி போக என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது என்ன லூனிக் என்று யாரும் கேட்பதில்லை. 1959இல் உலகச் செய்தித்தாள்கள் தலைப்பில் போட்ட பெயர் அது. சோவியத் யூனியன் நிலவை நோக்கி அனுப்பிய கலங்களைப் பத்திரிகைக்காரர்கள் லூனிக் என்றே எழுதினார்கள். அவற்றில் மூன்றாவது கலம் அந்த ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி நிலவைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் படம் எடுத்தது. பூமியில் பிறந்த எவரும் அதுவரை பார்த்திராத பக்கம் அது.

படம் எடுத்தது சரி, அதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? கலம் பூமியில் இறங்கப்போவதில்லை. டிஜிட்டல் கேமரா என்ற பேச்சே இல்லாத காலம். உள்ளே இருந்தது 35 மில்லிமீட்டர் பிலிம். 29 படங்கள் எடுத்து முடித்ததும், கலத்துக்குள்ளேயே வைத்திருந்த ஒரு குட்டி லேப் அந்த பிலிமைக் கழுவி, காயவைத்தது. பிறகு ஒரு மெல்லிய ஒளிப்புள்ளி பிலிமின் மேல் வரிவரியாக ஊர்ந்தது. எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு என்பது ரேடியோ அலையாக மாறிப் பூமிக்கு வந்தது. கலம் பூமியை நெருங்கி வரும்வரை காத்திருந்து, கிடைத்த மங்கலான படங்களை அக்டோபர் 27ஆம் தேதி வெளியிட்டார்கள்.

ராக்கெட்டில் கேமரா என்றதும் எல்லோருக்கும் மேலே போவதில்தான் ஆசை. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் சுவாரசியமெல்லாம் திரும்பி வருவதில் இருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் மூளையைக் கசக்கியவர்கள் பெரும்பாலும் அதற்காகத்தான் கசக்கியிருக்கிறார்கள்.

சிவகாசி ராக்கெட்டுக்கு இந்தக் கவலை கிடையாது. கெட்டியான காகிதக் குழல், அதற்குள் கருமருந்து, அடியில் களிமண் அடைப்பு, அடைப்பின் நடுவே ஓட்டை, ஓட்டையில் திரி, பக்கவாட்டில் நீளக் குச்சி. கருமருந்தின் கலவை பல நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு கொடுக்கிறது, கரி எரிபொருள், கந்தகம் சீக்கிரம் பற்றிக்கொள்ள உதவுகிறது. களிமண் அடைப்பின் ஓட்டை மருந்துக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும். அந்த உட்குழிவின் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் எரிவதால்தான் கிளம்பும்போது அவ்வளவு உந்துதல் கிடைக்கிறது. குழி இல்லாமல் கெட்டியாக இடித்துவிட்டால் புஸ்வாணம்போல் நின்ற இடத்திலேயே நெருப்பைக் கக்கும்.

குச்சியின் வேலை பலருக்குத் தெரியாது. பாட்டிலில் நிற்க வைப்பதற்காக என்று நினைப்பார்கள். பறக்கும் எந்தப் பொருளுக்கும் இரண்டு மையங்கள் உண்டு. ஒன்று எடை மையம். விரல்மேல் வைத்தால் சமமாக நிற்கும் இடம். மற்றொன்று காற்று தள்ளும் மையம். பக்கவாட்டுக் காற்றின் தள்ளல் எல்லாம் சேர்ந்து விழும் இடம். எடை மையம் முன்னேயும் காற்று மையம் பின்னேயும் இருந்தால், ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் காற்றே அதன் வாலைப் பிடித்து நேராக்கிவிடும். நீளக் குச்சி காற்று மையத்தை வெகுதூரம் பின்னுக்கு இழுக்கிறது. பெரிய ராக்கெட்டுகளில் இதே வேலையை வால் இறக்கைகள் செய்கின்றன. இரண்டு மையங்களுக்கும் நடுவே குறைந்தது ராக்கெட்டின் விட்டம் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்பது மாதிரி ராக்கெட் செய்பவர்களின் கைக்கணக்கு.

இப்போது 40 கிராம் கேமரா ஒன்றை அந்தக் குச்சியில் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். எடை மையம் சட்டென்று பின்னுக்கு வந்துவிடும். காற்று இனி வாலை நேராக்காது, தலையைத் திருப்பும். ராக்கெட் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரி, தலையில் கட்டலாமே என்றால், எடை கூடிப்போகும். கிளம்பும்போது உந்துதல் மொத்த எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று பிடித்து நேராக்கும் அளவு வேகம் வருவதற்குள் ராக்கெட் சாய்ந்துவிடும். தீபாவளிக்குப் பழைய செல்போனைக் கட்டி விட்டுப் பார்க்கலாம் என்று யாருக்காவது எண்ணம் இருந்தால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

இத்தனைக்கும் ராக்கெட்டில் ஏறிய முதல் கேமராக்கள் கருமருந்திலும் குச்சியிலும்தான் ஏறின. ஜெர்மனியின் டிரெஸ்டன் பகுதியைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் மவுல், 1903இல் கேமரா ராக்கெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். எதிரிப் படைகளை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்பது நோக்கம். விமானம் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. பலூன் மெதுவாக எழும்பும், சுட்டு வீழ்த்திவிடலாம். மவுலின் ராக்கெட் உச்சிக்குப் போனதும் ஷட்டர் ஒரே ஒரு முறை திறந்து மூடும். உடனே பாராசூட் விரியும். கேமரா பத்திரமாக இறங்கும். படம் திரும்பி வரும் வழியை அவர் முதல் நாளிலேயே யோசித்திருந்தார். அவருக்குத் தலைவலி கொடுத்தது சுழற்சி. குச்சி ராக்கெட் ஏறும்போது தன் அச்சிலேயே சுற்றும், படம் கலைந்துபோகும். அதற்கு அவர் ஒரு ஜைரோஸ்கோப்பைச் சேர்த்தார். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதால், கேமராவின் பார்வையும் ஓரளவு நிலையாக நின்றது. 1912இல் அவர் செய்த ராக்கெட் 41 கிலோ எடை. சுமார் 800 மீட்டர் ஏறி, 20க்கு 25 சென்டிமீட்டர் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தது. கண்ணாடித் தகடு! இரண்டு ஆண்டுகளில் முதல் உலகப்போர் வந்தது, விமானங்கள் வந்தன, மவுலின் ராக்கெட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

அடுத்த பெரிய படம் 1946 அக்டோபர் 24இல். போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளை அமெரிக்கர்கள் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் ஏவிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் கிளைட் ஹாலிடே என்ற பொறியாளரின் 35 மில்லிமீட்டர் சினிமா கேமரா ஏறியது. ஒன்றரை விநாடிக்கு ஒரு படம். ராக்கெட் சுமார் 105 கிலோமீட்டர் உயரம் தொட்டது. விண்வெளியிலிருந்து பூமியை எடுத்த முதல் படங்கள் அவை. வளைந்த அடிவானம், அதற்கு மேலே கும்மிருட்டு. பாராசூட் எல்லாம் கிடையாது. ராக்கெட் விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியது, கேமரா சுக்குநூறானது. ஆனால் பிலிம் சுருளைக் கெட்டியான எஃகு டப்பாவுக்குள் போட்டிருந்தார்கள். கேமரா போனால் போகட்டும், படம் மட்டும் வந்தால் போதும் என்ற முரட்டுக் கணக்கு பலித்தது. இன்று விமானங்களில் இருக்கும் கறுப்புப் பெட்டியும் ஏறக்குறைய இதே எண்ணத்தில் செய்யப்படுவதுதான்.

ராணுவத்திடமிருந்து இந்த வித்தை பள்ளிச் சிறுவர்களின் கைக்கு வந்த கதையில் பட்டாசுக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற சிற்றூரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலுக்குப் பட்டாசுப் பித்து. அவர் 1954இல் காகிதக் குழலும் லேசான மர இறக்கைகளும் வைத்து ஒரு ராக்கெட் செய்தார். மருந்து எரிந்து முடிந்ததும் ஒரு சிறு வெடிப்பு மூக்கைத் தள்ளிவிடும், பாராசூட் வெளியே வரும், ராக்கெட் சேதமில்லாமல் இறங்கும், புது மருந்துக் குழலைச் செருகி மறுபடி விடலாம். ஒயிட் சாண்ட்ஸில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், ராக்கெட் பாதுகாப்பு பற்றி இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர். அதைப் படித்த கார்லைல் 1957இன் தொடக்கத்தில் அவருக்குத் தன் ராக்கெட்டுகளை அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. ஊர் ஊராகப் பையன்கள் வீட்டிலேயே மருந்து இடித்து, இரும்புக் குழாயில் அடைத்து, விரல்களை இழந்துகொண்டிருந்த நேரம். கார்லைலின் காகித ராக்கெட் அதற்கு மாற்றாக வந்தது. மருந்தை நீ தொடாதே, அதைத் தொழிற்சாலை செய்யும். நீ ராக்கெட்டைச் செய் என்ற பிரிவினைதான் மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கின் அடித்தளம்.

அந்தத் தொழிற்சாலையை உருவாக்கிய வெர்ன் எஸ்டிஸும் கொலராடோவில் பட்டாசுத் தொழில் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். மருந்துக் குழல்களைக் கையால் இடித்துச் செய்வது கட்டுப்படியாகாது, ஆபத்தும்கூட என்று கண்டு, 1959இல் தானியங்கி இயந்திரம் ஒன்றைக் கட்டினார். மேபல் என்று பெயர் வைத்தார். ஐந்தரை விநாடிக்கு ஒரு குழல். மருந்து செலுத்துவது, அழுத்துவது எல்லாவற்றையும் இயந்திரமே செய்தது.

மேபலைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குச் சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். 'மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு' என்ற சொற்றொடரை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். பொடியாக இருக்கும் மருந்தைக் குழலுக்குள் தள்ளி இறுக்குகிற அந்தச் சில விநாடிகள்தான் இந்தத் தொழிலின் மிக ஆபத்தான இடம். கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும், ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைப்பதும் அதனால்தான். நாக்பூர் லைசென்ஸ் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற மத்திய அரசின் உரிமம் இந்த விதிகளை எல்லாம் சுமந்துகொண்டுதான் வருகிறது. மேபலின் வேலையைச் செய்யும் இயந்திரம் எல்லா ஆலைகளுக்கும் எப்போது வரும் என்பது கேமராவைவிடப் பெரிய கேள்வி. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

எஸ்டிஸ் நிறுவனம் 1965இல் கேம்ராக் என்றொரு பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராக்கெட்டின் மூக்கில் லென்ஸ். இருட்டறையில் வட்டமான ஒற்றை பிலிம் துண்டை உள்ளே வைக்க வேண்டும். ராக்கெட் உச்சிக்குப் போய்த் தலை குப்புறச் சாயும். அந்த நேரத்தில் பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிப்பு ஷட்டரையும் தட்டிவிடும். கீழே தெரியும் வயலோ விளையாட்டுத் திடலோ பதிவாகும். ஒரு பயணத்துக்கு ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். 1970 வாக்கில் வந்த சினிராக் இதைவிட அழகான பொருள். உள்ளங்கையில் அடங்கும் சினிமா கேமரா, மூன்று மீட்டர் நீள சூப்பர் 8 பிலிம், இருபது விநாடிச் சொச்சம் ஓடும். பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடி வைத்து, லென்ஸின் பார்வையைப் பின்பக்கம் திருப்பியிருந்தார்கள். அதனால் வால் இறக்கைகளும் அவற்றுக்கு அப்பால் சுருங்கிக்கொண்டே போகும் தரையும் ஒரே சட்டத்தில் விழும். இன்று இஸ்ரோ ஏவுதலின்போது தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற 'பின்னோக்கிய' காட்சியின் அமைப்பு, சிறுவர்களின் பொம்மையில் அன்றே இருந்தது.

இனி உயர்திறன் ராக்கெட்டுகளுக்கு வருவோம். மாதிரி ராக்கெட் உலகத்தில் மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கிறார்கள். ஏ ரகத்தின் மொத்த உந்தம் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி. அடுத்தடுத்த எழுத்துக்கு இரட்டிப்பு. இப்படிப் போனால் ஜி ரகம் 160இல் முடியும். அதைத் தாண்டி எச் என்று தொடங்கினால் உயர்திறன். அமெரிக்காவில் அதை வாங்கவே சங்கங்கள் நடத்தும் தேர்வில் ராக்கெட்டை ஏவி, சேதமில்லாமல் இறக்கிக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும். இந்த மோட்டார்களில் பெரும்பாலும் கருமருந்து இருப்பதில்லை. அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிசினில் குழைத்து வார்த்த திட எரிபொருள்தான் இருக்கும். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தில் 138 டன் அளவுக்கு நிரப்புவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு கணக்குப் போடலாம். ஒன்றரைக் கிலோ ராக்கெட், 240 நியூட்டன்-விநாடி உந்தம் உள்ள மோட்டார், ஒன்றரை விநாடி எரிகிறது. 240ஐ எடையான ஒன்றரைக் கிலோவால் வகுத்தால் விநாடிக்கு 160 மீட்டர். புவியீர்ப்பு 15 மீட்டரை எடுத்துக்கொள்ள, மீதி 145. மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் தடை இதைக் கணிசமாகக் குறைக்கும் என்றாலும் முடுக்கம் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் பத்து மடங்கு (10 ஜி) அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது அந்த ஒன்றரை விநாடிக்கு 40 கிராம் கேமரா 400 கிராமுக்கு மேல் கனக்கும். மெமரி கார்டு சரியாகப் பொருந்தாமல் இருந்தால் சொருகியிலிருந்து துள்ளி வெளியே வரும். பேட்டரி தன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மின்சாரம் போகும். விலை உயர்ந்த செல்போன் கேமராக்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸை மெல்லிய ஸ்பிரிங்கில் மிதக்க விட்டிருப்பார்கள். அந்த லென்ஸ் 10 ஜியில் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வேலைக்கு மலிவான, லென்ஸ் அசையாத, விரல் நீளக் கேமராதான் ராஜா. சிலர் அதையும் பிரித்து, லென்ஸ் மரையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, கார்டின் மேல் டேப் ஒட்டுவார்கள்.

எங்கே பொருத்துவது? வெளியே ஒட்டினால் பார்வை தாராளம், ஆனால் காற்று ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். ராக்கெட் அந்தப் பக்கம் வளையும். அதனால் கேமராவின் மேல் மீன் மூக்கு வடிவத்தில் ஓர் உறை செய்து, எதிர்ப்பக்கம் காலியான இன்னொரு உறையையும் ஒட்டிச் சமன் செய்கிறார்கள். குழலுக்குள் வைத்து ஓட்டை வழியாகப் பார்க்க வைத்தால் இழுவை குறையும், காட்சி பக்கவாட்டில் அடிவானமாக மட்டும் இருக்கும். கீழே பார்க்க வேண்டுமென்றால் சினிராக்கின் கண்ணாடி மறுபடி வேண்டும்.

சுழற்சி மவுலை விட்டதில்லை, இன்று செய்பவர்களையும் விடவில்லை. இறக்கை ஒன்று அரை டிகிரி கோணலாக ஒட்டியிருந்தால் போதும். விநாடிக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே உலகம் 36 டிகிரி திரும்பிவிடும். வீடியோவைப் பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். இன்னொரு கூத்தும் உண்டு. மலிவான கேமராவின் சென்சார் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பிடிப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படிக்கும். மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு வருவதற்குள் ராக்கெட் திரும்பியிருக்கும். தென்னை மரங்கள் சாய்ந்து தெரியும், நேரான ரோடு அரிவாளாக வளையும். இதைச் சரிசெய்ய இப்போது சிலர் சிறு மோட்டாரால் திரும்பும் குட்டி இறக்கைகளை வைத்து, சுழற்சியை உணரும் சிப்பின் சொல்படி அவற்றை அசைக்கிறார்கள். மவுலின் கனமான சக்கரம் செய்ததை நகக்கண் அளவு சிப் செய்கிறது.

உச்சிக்கு வந்தாயிற்று. இங்கே ஒரு வேடிக்கை. நவீன எரிபொருளில் ஏறிய ராக்கெட், இறங்குவதற்கு மறுபடி கருமருந்தைத் தேடுகிறது. ராக்கெட்டுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு பலகை இருக்கும். தரைக்கு அருகே ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். குறைவது நின்றால் உச்சி வந்துவிட்டது என்று பொருள். உடனே பலகை ஒரு மின்திரியைப் பற்ற வைக்கும். ஒன்றிரண்டு கிராம் கருமருந்து வெடித்து, குழலின் இரு பாதிகளைப் பிரித்து, பாராசூட்டை வெளியே தள்ளும். இதற்குக் கருமருந்தைவிடத் தோதான பொருள் இன்னும் பரவலாகவில்லை. குறைந்த அளவிலேயே நிறைய வாயு, உடனடியாகப் பற்றுதல், நம்பகம். பாராசூட் கருகாமல் இருக்கத் தீப்பிடிக்காத துணியில் சுற்றி வைப்பார்கள். கேமராவின் கண்ணாடியில் படியும் கரியை மட்டும் யாராலும் தடுக்க முடிவதில்லை. ராக்கெட் வீடியோக்களில் ஏறும்போது தெளிவாக இருந்த காட்சி, இறங்கும்போது அழுக்குக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் ஆவதற்கு இதுவே காரணம்.

பெரிய பாராசூட்டை உச்சியிலேயே விரிக்கலாமா? ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 200 விநாடி ஆகும். அதே வேகத்தில் காற்றும் அடித்தால் ராக்கெட் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். சிவகாசி, சாத்தூர் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தூரத்தின் அருமை தெரியும். அதனால் உச்சியில் சிறு பாராசூட் ஒன்று. விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் சரசரவென்று இறங்கும். 150 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் இரண்டாவது வெடிப்பு, பெரிய பாராசூட். மொத்தம் 64 விநாடி. தள்ளிப் போவது 320 மீட்டர். கேமரா நல்ல காட்சிகளைப் பிடிப்பது இந்த இறக்கத்தில்தான். ஏற்றம் பத்துப் பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். இறங்கும்போதுதான் உலகத்தைப் பார்க்க நேரம் இருக்கும்.

என்ன தெரியும்? ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் 113 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. சிவகாசிக்கு நேர் மேலே அந்த உயரத்தில் ஒரு கேமரா நின்றால், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பின்னாலுள்ள மலைத்தொடர் முழுதும் அதன் பார்வைக்குள் வரும். தூத்துக்குடிக் கடல் நேர்கோட்டில் 85 கிலோமீட்டருக்குள்தான். கணக்குப்படி அதுவும் தெரிய வேண்டும். கரிசல் காட்டின் புழுதி மூட்டம் எத்தனை நாள் விட்டுக்கொடுக்கும் என்பது வேறு விஷயம்.

ராக்கெட்டில் ஒன்றை ஏற்றி, உயிரோடு இறக்கும் ஆசை இந்தியாவுக்குப் புதிதல்ல. தீப்பெட்டித் தொழில் கற்க சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போனார்கள் என்பது ஊரறிந்த கதை. அதே கல்கத்தாவில் 1934 முதல் ஸ்டீபன் ஸ்மித் என்ற பல் மருத்துவர், அஞ்சல் தலைப் பிரியர், ராக்கெட்டில் தபால் அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பட்டாசுக் கம்பெனியின் ராக்கெட்டுகளையும் பயன்படுத்தினார். சிக்கிம் மன்னர் அவருக்கு ஆதரவு கொடுத்தார். 1935 ஜூனில் தாமோதர் ஆற்றின் குறுக்கே ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பினார். இரண்டும் உயிரோடு கரை சேர்ந்தன. கேமராவைவிடக் கஷ்டமான பயணிகள்.

தமிழ்நாட்டில் அண்மைக்காலத்தில் பட்டாசைவிடப் பெரிய ராக்கெட்டுகளைத் திறந்த வெளியில் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரி 19இல் பட்டிபுலத்திலிருந்தும், 2024 ஆகஸ்ட் 24இல் திருவிடந்தையிலிருந்தும் சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனம் கலப்பின ராக்கெட்டுகளை ஏவியது. முதலாவதில் பள்ளி மாணவர்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோள்கள் ஏறின. தெற்கே, குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அன்றே ரோகிணி ரகச் சிறு ராக்கெட் ஒன்றும் அங்கிருந்து பறந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியிருக்கிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகக் கடலுக்கு மேல் தெற்கே போகலாம்.

இஸ்ரோவின் கேமராப் படங்களில் என் ஓட்டு 2017 பிப்ரவரி 15ஆம் தேதிப் படத்துக்கு. பி.எஸ்.எல்.வி.-சி37 அன்று 104 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் கொண்டுபோனது. 714 கிலோ கார்ட்டோசாட் முதலில் விலகிப் போவதும், பிறகு டப்பா டப்பாவாகக் குட்டிச் செயற்கைக்கோள்கள் துள்ளி விழுந்து நகர்வதும் ராக்கெட்டின் மேலேயே இருந்த கேமராக்களில் பதிவானது. அந்தக் கேமராக்களில் ஒன்றுகூடத் தரைக்குத் திரும்பவில்லை. லூனிக்கைப்போலவே படத்தை மட்டும் ரேடியோவில் அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொண்டன. ரேடியோ வழி அகலம் குறைவு என்பதால் வீடியோவை இறுக்கிச் சுருக்கி அனுப்ப வேண்டும். இயந்திரத்தின் வெப்பம், அழுத்தம் பற்றிய அளவீடுகளுக்குத்தான் முதல் உரிமை. படம் கொஞ்சம் மங்கலாக இருப்பதை மன்னித்துவிடலாம்.

வயலில் இறங்கும் ராக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கார்டு கைக்கு வந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் வீடியோவை எழுதிக்கொண்டே போய், எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் கோப்பின் கடைசியில் எழுதும். தரையில் மோதும் அதிர்ச்சியில் பேட்டரி துண்டித்துவிட்டால் அட்டவணை எழுதப்படாது. படங்கள் எல்லாம் கார்டில் இருக்கும். கணினி மட்டும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதை மீட்டெடுக்க மென்பொருள்கள் உண்டு, எப்போதும் பலிக்காது. அனுபவசாலிகள் மூன்று நிமிடத்துக்கு ஒரு கோப்பாக உடைத்து எழுதும் கேமராவைத் தேடி வாங்குவார்கள். போனாலும் கடைசித் துண்டு மட்டும்தான் போகும்.

நம் நாட்டில் கருமருந்தையோ திட எரிபொருளையோ உரிமம் இல்லாமல் கலப்பதும் நிரப்புவதும் வெடிபொருள் சட்டப்படி குற்றம். சிவகாசிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்வமுள்ள மாணவர்களுக்கு மருந்தே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், அட்டை இறக்கைகள், மூக்கில் மெத்தை வைத்துக் கட்டிய இருபது கிராம் கேமரா, பிளாஸ்டிக் பையில் வெட்டிய பாராசூட். அழுத்தம் 60 பிஎஸ்ஐ தாண்ட வேண்டாம், கீறல் விழுந்த பாட்டில் வேண்டாம், நீளக் கயிறு கட்டித் தள்ளி நின்று விடுவிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். எடை மையம், சுழற்சி, வளையும் தென்னை மரம் என்று மேலே சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி இந்தப் பாட்டிலிலேயே வந்துவிடும். இறங்கியதும் ஓடிப்போய் எடுத்தால், கேமராவின் விளக்கு இன்னும் மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் பதிவை நிறுத்தும் பொத்தானை முதலில் அழுத்துங்கள். கார்டை உருவுவது அதற்குப் பிறகு.